வெளுத்த பிளக்

விற்றுவிடுவது என்று முடிவான வாரம்
அரை லிட்டர் கருப்பு எனாமல் வாங்கினேன்.
சிலிண்டரின் தகடு ஒவ்வொன்றுக்கும்
இரண்டு கோட்.
இடுக்கில் பிரஷ் நுழையவில்லை,
சைக்கிள் கம்பியில் துணி சுற்றித் தடவினேன்.
ஹெட்லைட்டுக்குக் கீழே, காற்று வருகிற வழியில்,
குரோம் பூசிய ஹாரன் இரண்டு.
அரசரடியில் என் ஜெராக்ஸ் கடை வாசலில்
யெஸ்டி நின்றது,
கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவனைப் போல.

எழுபத்தாறாம் வருஷத்து வண்டி.
கிக்கரும் கியரும் ஒரே கம்பி.
ரேடியேட்டர் கிடையாது.
ஓடுகிற ஓட்டத்தில் எதிரே வருகிற காற்றுதான்
அதற்கு மோர், மருந்து, எல்லாம்.
நின்றால் வேகும்.

வாங்க வந்தவர் ஆக்னஸ் ஞானசெல்வி.
அலங்காநல்லூர்ப் பக்கம் ஓர் ஆலையில்
கரும்புப் பாகின் கொதிநிலை குறிக்கிற வேலை.
வண்டியைச் சுற்றி வரவில்லை.
குனிந்து தகடுகளை முகர்ந்தார்.
"பெயின்ட் வாசமா இருக்கே."
"சுத்தபத்தமா வச்சிருக்கேன்ல" என்றேன்.

சித்திரை, மதியம் ஒன்றரை.
காளவாசல் சிக்னலில் நூற்று இருபது விநாடி
ஆஃப் செய்யாமல் உறுமவிட்டேன்,
பின்சீட்டுக்காரர் சத்தத்தின் அழகைக் கேட்கட்டுமென்று.
தேனி ரோட்டில் நாகமலை கூடவே வந்தது,
பாறை குடித்த வெயிலை எங்கள் மேலேயே
திருப்பித் துப்பிக்கொண்டு.
புதுக்கோட்டை தாண்டியதும்
சத்தத்துக்குள் யாரோ சில்லறை குலுக்கினார்கள்.
த்ராட்டிலைத் திருகினேன். வண்டி வரவில்லை.
செக்கானூரணிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில்
பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொண்டது.
பின்சக்கரம் தாரில் ஒரு முழம் இழுபட்டது.
இடது கை தானாகக் கிளட்சை அள்ளியது.
என் திறமை அவ்வளவுதான்.

புளியமர நிழல்.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் ஓடிவந்தார்
வாளி ததும்பத் ததும்ப.
"ஊத்துங்க, புகையுதுல்ல!"
"ஊத்தாதீங்க!"
நானும் ஆக்னஸும் ஒரே நேரத்தில்.
காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால்
விரிசல் விடும், பிறகு எதுவும் ஒட்டாது.
அந்தத் தண்ணீரில்
இருவரும் முகம் கழுவிக்கொண்டோம்.
டிக்... டிக்... என்று
தகடுகள் தம் பாட்டுக்குச் சுருங்கின.

அரை மணி கழித்து
துப்பட்டாவை விரலில் சுற்றி
பிளக்கைக் கழற்றினார்.
காப்பிப்பொடி நிறத்தில் இருக்கவேண்டிய முனை
சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
"ஜெட்டை மாத்தினீங்களா?"
லிட்டருக்கு முப்பத்தைந்து காட்டுவதற்காகச்
சின்னதைப் போட்டேன், சொன்னேன்.
"உள்ளே காத்து ஜாஸ்தி. வெளியே காத்தே இல்ல."
ஹேர்கிளிப்பால் ஒரு தகட்டைச் சுரண்டினார்.
எனாமல் சுருள் சுருளாக உரிந்து
செருப்பில் விழுந்தது.
"தோல்ல காத்து படணும் சார்,
நீங்க கோட்டு மாட்டி விட்டிருக்கீங்க."

ஸ்பேனரை எடுத்து
ஹாரன்களை நானே கழற்றினேன்.
வெள்ளரிக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்,
தள்ளுவண்டிக்காம்.

விலை பேசவில்லை நாங்கள்.
கிக்கரைக் கையால் பாதி மட்டும் அமுக்கி
பிஸ்டன் விட்டுக்கொடுக்கிறதா என்று பார்த்தார்.
கொடுத்தது.
டேங்கில் ஒரு மூடி எண்ணெய் கூடுதலாக ஊற்றி
வண்டியை இடுப்பால் ஆட்டினார்.
திரும்பும்போது ஓட்டியது அவர்தான்,
சோக்கைப் பாதி போட்டுக்கொண்டு,
நாற்பதைத் தாண்டாமல்.
பதினாறு வருஷத்தில் முதல்முறை
பின்சீட்டில் நான்.
எங்கே பிடித்துக்கொள்வதென்று தெரியவில்லை.

காளவாசலில் சிவப்பு.
நான் வாயைத் திறக்கும் முன்
சாவியைத் திருப்பிவிட்டார்.
பின்னால் டவுன்பஸ் ஹாரன் மேலேயே படுத்திருந்தது.
ஷேர் ஆட்டோ, வாட்டர் லாரி, யாரோ யாரையோ திட்டுவது.
எங்கள் முழங்காலுக்குக் கீழே மட்டும்
டிக் டிக்.
தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று ஆறு...
கேட்க நினைத்திருந்த தொகையில்
ஐயாயிரத்தை அங்கேயே
மனசுக்குள் கழித்தேன்.